காப்பிக்கு ரகம் எது, ஊர் எது?



‘பீபெரி கால் கிலோ, பிளாண்டேஷன் ஏ கால் கிலோ, சிக்கரி இருபது சதவீதம்’ என்று கேட்டால் காப்பித்தூள் கடைக்காரர் மறுபேச்சில்லாமல் அரைத்துக் கொடுத்துவிடுவார். வாங்கியவரிடம், இது என்ன ரகம் என்று விசாரித்தால், ‘அதான் பீபெரி’ என்பார். பீபெரி ஒரு ரகமே அல்ல. காப்பிப் பழத்துக்குள் வழக்கமாக இரண்டு கொட்டைகள் ஒன்றையொன்று ஒட்டித் தட்டையாக இருக்கும். சில பழங்களில் ஒன்று மட்டும் வளர்ந்து உருண்டுவிடும், அதுதான் பீபெரி. எந்தச் செடியிலும் அது உண்டு. பிளாண்டேஷன் ஏ என்றால் கழுவிப் பதப்படுத்திய அராபிகாவில் பெரிய கொட்டை. இரண்டு பெயருமே செடியின் வம்சத்தையோ அது நின்ற மலையையோ சொல்வதில்லை.

பாலும் சர்க்கரையும் சிக்கரியும் கலக்கும் டம்ளருக்கு அந்த விவரம் அவ்வளவு அவசியமும் இல்லை. அவசியமாவது போர்-ஓவர் என்னும் முறையில். கூம்பு வடிவப் புனலில் காகித வடிகட்டியை விரித்து, தூளைப் போட்டு, மேலிருந்து வெந்நீரைச் சுற்றிச் சுற்றி ஊற்றி இறக்கும் முறை அது. காகிதத்தில் வடிக்கும் யோசனைக்குக் காரணமானவர் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரத்துப் பெண்மணி மெலிட்டா பென்ட்ஸ். கோப்பையின் அடியில் தங்கும் கசட்டைச் சகிக்க முடியாமல், மகனுடைய நோட்டுப் புத்தகத்திலிருந்த மையொற்றுத் தாளை எடுத்து, ஓட்டையிட்ட பித்தளைப் பாத்திரத்தில் வைத்து வடித்துப் பார்த்தார். 1908இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். காகிதம் கசட்டோடு காப்பியின் எண்ணெய்ப் பசையையும் பெரும்பாலும் பிடித்துக்கொள்கிறது. கோப்பையில் இறங்குவது தேநீர் போலத் தெளிந்த சாறு. கொட்டையில் என்ன மணமும் புளிப்பும் உண்டோ, அதைப் போர்த்தி மறைக்க அங்கே ஒன்றுமில்லை.

ரகமும் இடமும் சேர்ந்து என்ன செய்யும் என்பதற்குக் கெய்ஷா என்ற ரகத்தின் கதையைவிட நல்ல சாட்சி கிடையாது. எத்தியோப்பியக் காடுகளில் 1930களில் சேகரித்த விதை அது. தான்சானியாவின் ஆராய்ச்சி நிலையம் வழியாக 1953இல் கோஸ்டா ரிகாவுக்கு வந்தது. காப்பி இலைகளைத் தாக்கும் துருநோயைத் தாங்கும் என்பதால் 1960களில் பனாமா விவசாயிகளுக்கும் போனது. அவர்களுக்கு அதைப் பிடிக்கவில்லை. கிளைகள் சட்டென்று முறிந்தன. தோட்டத்து ஓரங்களில் ஏதோ ஒரு செடியாக அது பல ஆண்டுகள் நின்றது.

1990களில் பனாமாவின் பொகேட்டே பகுதியில் பீட்டர்சன் குடும்பத்தினர் உயரமான மலைத்தோட்டம் ஒன்றை வாங்கினார்கள். ஒரு பூஞ்சைநோய் அங்கே பரவியபோது தாக்குப்பிடித்தவை இந்தக் கெய்ஷாச் செடிகள். சரி, நோய் தாங்குகிறதே என்று இன்னும் மேலே, 1,600 மீட்டருக்கு மேற்பட்ட சரிவுகளிலும் நட்டார்கள். சுவைக்காக அல்ல, பிழைக்கட்டும் என்று. பிறகு தோட்டத்தின் ஒவ்வொரு பகுதிக் காப்பியையும் தனித்தனியே சுவைத்துப் பார்த்தபோதுதான் மல்லிகை மணமும் ஆரஞ்சுத் தோல் வாசனையும் வெளிப்பட்டன. 2004இல் பனாமாவின் தேசியப் போட்டியில் அது முதலிடம் பெற்றது. ஏலத்தில் பவுண்டுக்கு 20 டாலருக்கு மேல் போனது. அன்றைக்கு அது யாரும் கேள்விப்படாத விலை. அதுவரை மற்றக் கொட்டைகளோடு கலந்தே விற்றுப்போயிருந்த செடி! கெய்ஷாவைத் தாழ்வான இடத்தில் நட்டால் அந்த மணம் மங்கிப்போகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உயரத்தில் அப்படி என்ன இருக்கிறது? குளிர்தான். குளிரில் பழம் மெதுவாகக் கனிகிறது. கொட்டை நின்று நிதானமாகச் சத்தைச் சேர்த்துக்கொண்டு இறுகுகிறது. கோப்பையில் பளிச்சென்ற புளிப்பும் பழவாசனையும் வருவது பெரும்பாலும் இதனால். எரிமலை மண்ணின் சுவை என்று பாக்கெட்டுகளில் அச்சிடுவது கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மண்ணைவிட வெப்பநிலைக்கே அதிகப் புகழ் சேர வேண்டும்.

கென்யாவில் 1930களில் ஸ்காட் ஆய்வகம் தேர்ந்தெடுத்த எஸ்.எல். 28 என்ற ரகமும் வறட்சி தாங்கும் என்ற எண்ணத்தில் எடுத்ததுதான். இன்று நியேரி மலைச்சரிவுக் காப்பியின் அடர்ந்த பழப்புளிப்புக்கு அதைத்தான் கொண்டாடுகிறார்கள். ஆராய்ச்சியாளர்கள் தேடியது ஒன்று, குடிப்பவருக்குக் கிடைத்தது வேறொன்று.

நம் பக்கத்துக்கு வருவோம். கர்நாடகத்தின் பாலேஹொன்னூர் ஆராய்ச்சி நிலையத்தில் உருவாகி 1940களில் தோட்டங்களுக்கு வந்த எஸ். 795, ஏற்காட்டிலும் பழனி மலையிலும் இன்றும் பரவலாக நிற்கிறது. அதன் ஒரு பக்கத்து மூதாதையரில் லைபீரிகா என்ற வேறொரு காப்பி இனத்தின் கலப்பும் உண்டு. இதே ரகம் இந்தோனேசியாவுக்குப் போய் ஜெம்பர் என்று பெயர் மாற்றிக்கொண்டது. அங்கே சுலவேசித் தீவின் ஈரக் காற்றில் கொட்டை சீக்கிரம் காய்வதில்லை. அதனால் பாதி ஈரத்திலேயே மேல்தோலை நீக்கிவிட்டுப் பிறகு உலர்த்துவது அவர்கள் வழக்கம். விளைவு, புளிப்பு அடங்கி, மண்வாசனையும் கனமும் ஏறிய காப்பி. சேர்வராயன் மலையில் கழுவி, தோலோடு களத்தில் உலர்த்திய எஸ். 795 அப்படி இருக்காது. மென்மையாக, அளவான புளிப்போடு இருக்கும். ஊர் என்பது மண்ணும் உயரமும் மட்டுமல்ல, அந்த ஊர் மழை விவசாயியை என்ன செய்ய வைக்கிறது என்பதும்தான்.

இந்தியத் தோட்டங்களுக்கு இன்னொரு தனித்தன்மை, நிழல். சில்வர் ஓக், கல்யாண முருங்கை, பலா, அவற்றில் ஏறிய மிளகுக்கொடி எல்லாவற்றுக்கும் அடியில்தான் காப்பிச் செடி நிற்கிறது. பனாமா அளவுக்கு உயரமில்லாத நம் மலைகளில், கனிவதைச் சற்றே தாமதப்படுத்த அந்த நிழல் கைகொடுக்கிறது.

இத்தனையும் ஒரு நிமிடத்தில் வீணாகும் இடம் வறுப்புச் சட்டி. கருகக் கருக வறுத்தால் பனாமாவும் பழனியும் ஒரே கசப்புதான். போர்-ஓவருக்கு இளவறுப்பு அல்லது நடுத்தர வறுப்பு வேண்டும்.

வீட்டில் சோதித்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு எளிய வழி ஒன்று உண்டு. ஒரே மலையில் விளைந்த எஸ். 795, செலக்‌ஷன் 9 என்ற இரண்டு ரகங்களையும், ஒரே மாதிரி பதப்படுத்தி வறுத்ததாகப் பார்த்து வாங்கலாம். செலக்‌ஷன் 9 பாதி எத்தியோப்பிய வம்சம், பாதி திமோர்த் தீவுக் கலப்பு. ஒவ்வொன்றிலும் 15 கிராம் தூள், 240 மில்லி நீர். கொதி அடங்கிய நீரை முதலில் தூள் நனையும் அளவுக்கு மட்டும் விட்டு, அரை நிமிடம் பொங்கி அடங்கிய பின் மீதியை மெல்ல ஊற்றினால் மூன்று நிமிடத்தில் இறங்கிவிடும். சூட்டோடு ஒரு வாய் குடித்துவிட்டு, வெதுவெதுப்பாக ஆறியதும் இன்னொரு வாய் குடிக்க வேண்டும். கொதிக்கக் கொதிக்கக் குடித்தே பழகிய நாக்குக்கு இது கொஞ்சம் பொறுமையைச் சோதிக்கும். ஆனால் இரண்டு ரகங்களும் பிரிந்து தெரிவது ஆறிய பிறகுதான்.