எண்ணால் எழும் அபயக்குரல்

மைசூரில் குடியேறிய தமிழர்களாகிய நாம், ஊரிலிருந்து உறவினர் வந்தால் முதலில் அழைத்துச் செல்வது அரண்மனைக்குத்தான். இன்று நிற்பது 1912-இல் கட்டி முடிக்கப்பெற்றது. அதற்கு முன்பிருந்த மர அரண்மனை 1897-இல், அரசகுமாரி ஜயலட்சம்மண்ணியின் திருமணத்தின்போது தீக்கிரையாயிற்று. கலியாண வீடாதலால் தீயைக் கண்டு கூவ ஆளுக்குப் பஞ்சமிராது. ஆயினும் அரண்மனை தப்பவில்லை. பொங்கலுக்கு நாம் பூட்டிவிட்டுப் புறப்படும் வீட்டிலோ கூவுவதற்கும் ஆளில்லை. அபாய மணி பொருத்தியிருக்கலாம்; அது ஒலித்தால் கேட்பவர் யார்?

இவ்வினாவுக்கு அமெரிக்காவின் பாஸ்டன் நகரம் 1852-இல் ஒரு விடை கண்டது. சானிங் என்ற மருத்துவரும் ஃபார்மர் என்ற பொறியியல் வல்லுநரும் வகுத்த முறைப்படி, தெருக்களில் பெட்டிகள் வைக்கப்பட்டன. கைப்பிடியைச் சுழற்றினால், பல் வெட்டிய சக்கரமொன்று பெட்டியின் எண்ணைத் தந்தித் துடிப்புகளாக நிலையத்துக்கு அனுப்பும். தீ எங்கே என்பது எண்ணிலேயே தெரிந்துவிடும்.

இன்று வழங்கும் முறைகளுள் பரவலானது 'காண்டாக்ட் ஐடி'. வீட்டுக் கருவி தொலைபேசியில் கண்காணிப்பு நிலையத்தை அழைக்கிறது. "ஆயத்தம்" என்பதுபோல் நிலையம் இரு சிற்றொலிகள் எழுப்பியதும், கருவி 16 இலக்கங்களை ஒலிகளாக அனுப்புகிறது. முதல் நான்கு எவர் வீடு என்பது. அடுத்த இரண்டு செய்தியின் வகை. பின்வரும் 1 என்பது நிகழ்ச்சி புதிது என்றும், 3 என்பது நிலைமை சீராயிற்று என்றும் பொருள்படும். அடுத்த மூன்றே உயிர்நாடி: 110 தீ, 130 திருட்டு, 301 மின்சாரம் நின்றது. மழைக்காலத்தில் கடைசியாகச் சொன்னதற்குக் குறைவிராது! 121 என்பதோ, திருடன் மிரட்டி மணியை நிறுத்தச் சொல்லும்போது, வீட்டார் தனிக்குறி எண்ணை அழுத்தினால் ஓசையின்றிச் செல்வது. பின்னர் வீட்டின் பகுதியும் உணர்கருவியின் எண்ணும் வரும். இறுதி இலக்கம் சரிபார்ப்புக்கு. பூச்சியத்தைப் பத்தாகக் கொண்டு அனைத்தையும் கூட்டினால், தொகை பதினைந்தால் மீதியின்றி வகுபட வேண்டும். இல்லையேல் செய்தி பழுதானது. சரியெனில் நிலையம் நீண்டதோர் ஒலியால் ஒப்புக்கொள்ளும். அவ்வொலி வராவிடில் கருவி அதே செய்தியை மீண்டும் அனுப்பும்.

ஆனால் கம்பியையே அறுத்துவிட்டால்? அதற்காகவே, ஒன்றும் நேராத நாளிலும் குறித்த வேளையில் 602 என்ற சோதனைச் செய்தி செல்கிறது. "இங்கு அனைவரும் நலம்" என்று வாரந்தோறும் நாம் ஊருக்கு எழுதிய கார்டுகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் தபால் வராவிட்டால் அங்கே தாய்க்கு உறக்கம் வராது. நிலையத்துக்கும் அவ்வாறே, வர வேண்டிய 602 வராததே அதற்கு ஒரு செய்தி.

இத்தனையும் நிலையம் வரைதான். அதன்பின் அங்குள்ளவர் மனிதரைத்தான் அழைக்க வேண்டும். நாமோ அவ்வேளை கும்பகோணத்தில் இருப்போம். ஆகவே புறப்படுமுன், சாவி வைத்திருக்கும் மைசூர் அண்டை வீட்டாரின் தொலைபேசி எண்ணையும் நிலையத்தில் பதிந்துவிட்டுச் செல்லுதல் நலம்.