சார்பும் சித்திரிப்பும்



நாம் கூடியிருக்கும் சாலையின் பெயரிலிருந்தே தொடங்குவோம். கப்பித்தான் என்பது போர்த்துகீசியர் வழி வந்த பதவிப்பெயர். கெலிங் என்பது தென்னிந்தியரைக் குறித்த பழைய மலாய்ச் சொல். கலிங்கத்தின் அடியாகப் பிறந்தது என்பர். முன்பு வெறும் சுட்டுப்பெயராக இருந்தது, இன்று நம்மவர் செவியில் வசையாக விழுகிறது. பள்ளிவாசலைத் தோற்றுவித்த காதர் முகைதீன் மரைக்காயர் தம் இல்லத்தில் தம்மை அச்சொல்லால் குறித்திருப்பார் என்று நாம் எண்ணவில்லை. ஆயினும் பெயர்ப்பலகையில் நிற்பது பிறர் இட்ட பெயரே.

குடியேறியோரைப் படம்பிடிக்கும்போதும் இதே சிக்கல் எழுகிறது. ஒருவர் சார்பில் நிற்பது வேறு. ஒருவரைச் சித்திரித்துக் காட்டுவது வேறு. ஆங்கிலம் இரண்டையும் 'ரெப்ரசன்டேசன்' என்னும் ஒரே சொல்லுள் அடக்கிவிடும். தமிழ் அவற்றைப் பிரித்தே வழங்குகிறது. 'பிரதிநிதித்துவம்' என்று எல்லாவற்றையும் சுருக்கிவிடும் அண்மைக்கால வழக்கில்தான் நாமும் அக்குழப்பத்தைக் கடன் வாங்கிக்கொண்டோம்.

2018இல் வெளிவந்த 'மைண்டிங் தி கேப்' என்னும் அமெரிக்க ஆவணப்படத்தை எடுத்துக்கொள்வோம். சறுக்குப்பலகை இளைஞர்களின் கதை. (நாம் அப்பலகையில் ஏறியதில்லை, ஏறும் வயதும் கடந்துவிட்டது.) இல்லினாய் மாநிலத்தின் ராக்ஃபர்ட் நகரில் மூன்று நண்பர்கள்: ஒருவர் வெள்ளையர், ஒருவர் கறுப்பர், மூன்றாமவர் சீனத்தில் பிறந்து சிறுவயதில் அங்குக் குடியேறிய பிங் லியு. தலையெண்ணிப் பார்ப்போர்க்குப் பன்மை நிறைந்துவிட்டது. ஆனால் படத்தின் வலிமை அந்த எண்ணிக்கையில் இல்லை.

பிங் லியுவே இயக்குநர். பிறர் வீட்டு வன்முறையைப் படம்பிடித்துக்கொண்டிருந்தவர், ஒரு கட்டத்தில் தம் வீட்டுக்குள் நுழையவேண்டியவராகிறார். மாற்றாந்தந்தை தம்மை அடித்ததைப் பற்றித் தாயிடம் வினவுகிறார். அப்போது தாயின் முகம் மட்டுமன்றிக் கேட்பவரின் முகமும் திரையில் வருகிறது. காட்டுகிறவர் காட்டப்படுகிறவராகவும் ஆகிறார். அவ்விடத்தில் 'சிக்கலில் உழலும் குடியேறி' என்னும் ஆயத்த அச்சு உடைந்துபோகிறது. மகனுக்கு விடை வேண்டும்; தாய்க்கோ அவ்விடை பெருஞ்சுமை. இருவர் பக்கமும் நாம் நிற்கவேண்டியிருக்கிறது.

நம் மொழிக்கு வருவோம். மாமல்லபுரத்து மீனவர் குடியிருப்பில் சறுக்குப்பலகை ஓட்டும் சிறுமியையும் அவள் தாயையும் பற்றிய 'கமலி' என்னும் குறும்படம் 2020இல் பிரித்தானியத் திரைப்படக் கலைக்கழகத்தின் பாஃப்டா விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. இயக்கிய சாஷா ரெயின்போ தமிழர் அல்லர். அதைக் குறையாகச் சொல்லவில்லை. வெளிக்கண் காணும் சிலவற்றை உள்ளிருப்போர் காண்பதில்லை. எனினும் தமிழ்ப் பேச்சு ஆங்கிலத் துணையுரையாகும்போது நேர்வதை மொழியியலார் கவனியாமல் இருக்கவியலாது. 'நீ' என்பதும் 'நீங்கள்' என்பதும் ஒரே சொல்லாகின்றன. 'வா', 'வாங்க' என்பவற்றின் இடைவெளி மறைகிறது. தாய் மகளை எப்போது 'வாம்மா' என்றாள், எப்போது 'வாடி' என்றாள் என்பது அயலாருக்கு எட்டாது. நம் மக்களின் உறவுகளோ அந்த ஈறுகளில்தாம் இருக்கின்றன.

நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. அது ஆவணப்படம் அன்று, கதைப்படம்: சஞ்சய் குமார் பெருமாள் இயக்கிய 'ஜகாட்', 2015. தோட்டத்தை விட்டு நகர்ப்புறத்துக்குப் பெயர்ந்த தமிழ்க் குடும்பத்துச் சிறுவன் ஒருவன் வழிதவறும் கதை. தீயவன் என்னும் பொருள் தரும் 'ஜஹாட்' என்ற மலாய்ச் சொல், ஹகரம் இல்லாத தமிழ் நாவில் 'ஜகாட்' ஆகிறது. பிறர் ஒட்டிய முத்திரையைச் சொந்த ஒலிப்பிலேயே தலைப்பாக்கினார் இயக்குநர். 2016ஆம் ஆண்டு மலேசியத் திரைப்பட விழாவில் மொழிவாரிப் பிரிவுகள் பற்றிப் பெரும் வாதம் எழுந்தது. அவ்விழாவில் சிறந்த மலேசியத் திரைப்பட விருதைப் பெற்றதும் இத்தமிழ்ப் படமே.

மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். கைப்பேசியிலேயே படமெடுக்கிறீர்கள். இச்சாலையின் நாணயமாற்றுக் கடைக்காரரையோ, மாலையில் பலகை ஓட்டும் பையனையோ எடுத்தால், துணையுரையை நீங்களே எழுதுங்கள். எழுதியதை வெளியிடுமுன் பேசியவரிடம் படித்துக் காட்டுங்கள். அவர் எந்தச் சொல்லை மாற்றச் சொன்னார் என்பதைக் குறித்துக்கொண்டு எம்மிடம் வாருங்கள். அடுத்த பொழிவில் அதைப் பற்றியே பேசுவோம்.