கீழாநெல்லியும் நாட்பட்ட ஈரல் நோயும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நாம் மருத்துவம் கற்றவர் அல்லோம். பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, இருபது ஆண்டுகளாக இரயில்வே கணக்குப் புத்தகங்களோடு உறவாடி வருகிறோம். மூலிகை பற்றிப் பேசுக என்று செயலாளர் பணித்தபோது மறுக்க மனம் வரவில்லை. நம்முடன் பணிபுரியும் நண்பர் ஒருவருக்கு நேர்ந்ததே அதற்குக் காரணம்.

அந்நண்பர் ஓர் இரத்ததான முகாமில் இரத்தம் அளித்தார். சில நாட்களில் அவரை அழைத்து, "உம்முடைய இரத்தத்தில் ஹெபடைடிஸ் பி என்னும் நுண்கிருமி இருக்கிறது" என்றனர். நண்பர் நகைத்தார். கண்ணில் மஞ்சள் இல்லை, பசியும் குன்றவில்லை. "சிறு வயதில் காமாலை வந்தது. அம்மா கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தாள், போய்விட்டது. இனி என்ன?" என்றார். வீட்டாரோ அஞ்சினர். அன்று மாலையே அவருடைய தட்டும் தம்ளரும் தனியே வைக்கப்பட்டன. ஒருபுறம் அலட்சியம், மறுபுறம் அச்சம். இரண்டும் தவறு என்பதைப் பின்னரே அறிந்தோம்.

கீழாநெல்லியை அறியாதவர் இங்கு யார்? ஆந்திர நண்பர்கள் அதனை நேல உசிரி என்பர். மழை பெய்தால் சித்தூர்ப் பக்கத்து வயல் வரப்பிலும், நம் காலனிச் சுவரோரத்திலும், இருப்புப்பாதைச் சரளைக்கல் இடையிலும் முளைத்து நிற்கும். இலைக்காம்பின் கீழே வரிசையாய்க் காய் தொங்குவதால் அப்பெயர் பெற்றது. இதனைப் போன்ற செடிகள் மூன்று நான்கு உண்டு. பறிப்பவர் பலரும் வேறுபாடு காண்பதில்லை. வேரோடு பறித்து, நெல்லிக்காயளவு அரைத்து மோரில் கலந்து, உப்பில்லாப் பத்தியத்தோடு நம் பாட்டிமார் கொடுத்தனர். காமாலையும் வடிந்தது.

இங்கேதான் ஒரு நுட்பம் இருக்கிறது. கெட்ட நீரால் வரும் காமாலை பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணியும். வளர்ந்தவர்க்கு ஹெபடைடிஸ் பி தொற்றினாலும், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேர்க்கு மேல் ஆறு மாதத்திற்குள் உடலே அதனை வென்றுவிடும். தானே தணிந்த நோய்க்கும் புகழ் இலைக்கே சென்றது. நாட்பட்ட நோயோ வேறு வகை. ஆறு மாதங்களுக்கு மேலும் கிருமி இரத்தத்தில் தங்கினால் அதுவே நாட்பட்டது. பிறக்கும்போது தாயிடமிருந்து பெற்ற குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேர்க்கு அவ்வாறு தங்கிவிடும். இத்தகையோர் பலர் ஆண்டுக்கணக்கில் நலமாகவே நடமாடுவர், மஞ்சள் தோன்றாது. சிலருக்கு ஈரல் மெல்லச் சுருங்கும், புற்றுநோயும் வரலாம். உலகில் 2022-ஆம் ஆண்டில் 25 கோடியே 40 இலட்சம் பேர் இவ்வாறு இருந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அவர்களுள் மூன்று கோடிப் பேர் அளவில் நம் நாட்டினர்.

கீழாநெல்லியை அறிவியலார் புறக்கணிக்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் எஸ். பி. தியாகராசனும் அவர் குழுவினரும், இக்கிருமியைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பரிசு பெற்ற அமெரிக்கர் புளூம்பர்க்கும் சேர்ந்து ஆய்ந்தனர். 1988-இல் இலண்டன் 'லான்செட்' இதழில் முடிவு வெளிவந்தது. முப்பது நாள் மூலிகைத் தூள் உண்ட 37 பேரில் 22 பேருடைய இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெறும் தூள் உண்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. தமிழர் என்ற முறையில் நமக்குப் பெருமை தரும் செய்தி! ஆயினும் 1990-இல் தாய்லாந்திலும், 1994-இல் நியூசிலாந்திலும் செய்த சோதனைகளில் அப்பலன் கிட்டவில்லை. கணக்கெழுதும் நம் தொழிலில் ஒரு பேரேட்டுத் தொகை மற்றொரு பேரேட்டில் ஒத்து வராவிடில் கையெழுத்திட மாட்டோம். ஆகவே, பாட்டியின் மருந்தை இழித்துரையோம். நாட்பட்ட நோய்க்கு அதனையே நம்பியிருக்கவும் ஒப்போம்.

நண்பரைக் காட்பாடி வழியாக வேலூருக்கு அழைத்துச் சென்றோம். ஈரலின் நிலையையும் கிருமியின் அளவையும் சோதித்தார் மருத்துவர். கிருமி கண்ட எல்லோர்க்கும் உடனே மாத்திரை வேண்டுவதில்லையாம். ஆறு மாதத்திற்கொருமுறை பார்த்துவந்தால் போதும் என்றார். தேவைப்படுவோர்க்கு டெனோபோவிர் என்னும் மாத்திரை உண்டு; அது கிருமியை அடக்கி வைக்கும், பெரும்பாலும் அடியோடு அழிக்காது. 2018-இல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில் சோதனையும் மருந்தும் இலவசம்.

தட்டைப் பற்றியும் கேட்டோம். மருத்துவர் புன்னகைத்தார். உடனுண்பதாலும், தொடுவதாலும், இருமலாலும் இது பரவாது. இரத்தத்தாலும், தூய்மையற்ற ஊசியாலும், உடலுறவாலும், தாய் வழியாகவும் பரவும். சவரக் கத்தியைப் பகிர்தல் கூடாது. திருமலையில் முடியிறக்க நம் வீடுகளுக்கு உறவினர் வருவதுண்டு. புதிய பிளேடு கேட்டுப் பெறுமாறு அவர்களிடம் சொல்லி அனுப்புங்கள். பிறந்த குழந்தைக்கு இருபத்துநான்கு மணி நேரத்திற்குள் தடுப்பூசி போட வேண்டும். 2011-இல் இது நாடு முழுமைக்கும் விரிந்தது. அதற்கு முன் பிறந்த பெரியவர்கள், நம்மையும் சேர்த்து, பலரும் போட்டுக்கொள்ளாதவர்களே.

நண்பரின் மனைவிக்கும் மக்களுக்கும் சோதனையில் கிருமி இல்லை. மூன்று ஊசியும் போட்டாயிற்று. தட்டு பழைய அலமாரிக்கே திரும்பிவிட்டது. அவர் தாயார் மட்டும் கீழாநெல்லியை இன்னும் தொட்டியில் வளர்க்கிறார். பிள்ளைகள் நாடக வேடத்துடன் காத்திருக்கிறார்கள், நாம் அமர்கிறோம்.