கருவியும் கல்லூரியும்

கல்வித் துறையில் புதிய கருவி ஒன்று வந்து சேரும்போதெல்லாம் இரண்டு குரல்கள் எழுவது வழக்கம். 'இனி ஆசிரியரே வேண்டியதில்லை' என்பது ஒன்று. 'இனிக் கல்வியே கெட்டது' என்பது மற்றொன்று. வானொலி வந்தபோதும் தொலைக்காட்சி வந்தபோதும் இவ்விரு குரல்களும் கேட்டன. இணையமும் செயற்கை நுண்ணறிவும் வந்துள்ள இந்நாளிலும் அவையே கேட்கின்றன. இரண்டிலும் முழு உண்மை இல்லை. நம் நாட்டு உயர்கல்வி இக்கருவிகளை எவ்வாறு கையாண்டு வந்திருக்கிறது என்பதைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போமாயின், எதை வரவேற்பது, எதை ஐயுறுவது என்பது ஒருவாறு விளங்கும்.

1962-ஆம் ஆண்டில் தில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. அன்று அதற்குக் கருவி அஞ்சல்காரரின் பையே. பகலெல்லாம் அலுவலகத்தில் உழைத்தவர்களும், வீட்டை விட்டு வெளியேற இயலாத பெண்களும் பட்டம் பெற அது வழி திறந்தது. 1984 ஆகஸ்ட் 15 அன்று பல்கலைக்கழக மானியக் குழு, இன்சாட் செயற்கைக்கோளின் துணைகொண்டு, கல்லூரி மாணவர்க்கான தொலைக்காட்சிப் பாடங்களைத் தொடங்கியது. அடுத்த ஆண்டில், நாடாளுமன்றச் சட்டத்தின் வழியே இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் தோன்றிற்று. 2004 செப்டம்பர் 20 அன்று, கல்விக்கெனவே அமைந்த 'எடுசாட்' என்னும் செயற்கைக்கோள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து விண்ணில் ஏறியது.

இவ்வரலாறு நமக்கு இரு பாடங்களைக் கற்பிக்கிறது. தொலைக்காட்சிப் பெட்டி பேசும், ஆனால் கேளாது. திரையில் தோன்றும் பேராசிரியர் எவ்வளவு தெளிவாக விளக்கினும், 'ஐயா, அவ்வரி எனக்கு விளங்கவில்லை' என்று மாணவன் கைதூக்கியதை அவர் காணமாட்டார். இது முதற்பாடம். எடுசாட்டின் பணி 2010-ஆம் ஆண்டோடு முடிந்தது. கருவியின் ஆயுள் ஆறாண்டு. கல்லூரியின் ஆயுளோ நூறாண்டு. ஆதலின் கருவியை நம்பிக் கல்லூரியை அமைத்தல் ஆகாது. கல்லூரியை நம்பியே கருவியை அமைத்தல் வேண்டும். இஃது இரண்டாவது பாடம்.

இனி இணையத்துக்கு வருவோம். ஏழு இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் ஒன்றுகூடி, மத்திய அரசின் பொருளுதவியுடன் 2003-இல் 'என்பிடெல்' என்னும் திட்டத்தைத் தொடங்கின. தம் வகுப்பறைப் பாடங்களைப் படம்பிடித்து எவரும் காணுமாறு அவை வழங்கின. கடுமையான நுழைவுத் தேர்வில் வென்ற சிலர்க்கே கேட்கக் கிடைத்த விரிவுரை, சிற்றூர்க் கல்லூரி மாணவனுக்கும் கிட்டியது. இது சிறிய செயல் அன்று. கோயில் மதிலுக்குள் இருந்த குளத்து நீரை ஊர்ப் பொதுக் கால்வாயில் திறந்துவிட்டது போன்றது.

ஆயினும் நீர் திறந்தவுடன் பயிர் விளைந்துவிடாது. 2011-இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் செயற்கை நுண்ணறிவுப் பாடமொன்றை இணையத்தில் இலவசமாக நடத்தினர். ஏறத்தாழ 1,60,000 பேர் பெயர் பதிந்தனர். இறுதிவரை நின்று முடித்தவர் அவருள் ஒரு சிறு பகுதியினரே. பெயர் பதிவது எளிது; பாதி இரவில் விளங்காத கணக்கொன்றின் முன் தனித்து அமர்ந்திருப்பது அரிது. அவ்வேளையில் தோளில் கைவைத்து, 'இப்படிப் பார்' என்று சொல்ல ஒருவர் வேண்டும்.

இதனை உணர்ந்தே என்பிடெல் பின்னர் வாரந்தோறும் பயிற்சி வினாக்களையும், மாணவர் நேரில் சென்று எழுதும் தேர்வையும் சேர்த்தது. கல்லூரிகளில் வழிகாட்டும் ஆசிரியர்களையும் அமர்த்தச் செய்தது. 2017-இல் தொடங்கப்பெற்ற 'ஸ்வயம்' தளம் இத்தகைய பாடங்களை ஒருங்கே தருகிறது. அங்கே பெறும் மதிப்பீட்டைத் தம் பட்டப்படிப்பில் சேர்த்துக்கொள்ளப் பல்கலைக்கழகங்களுக்கு இசைவும் உண்டு. 2016-இல் நூற்றுக்கு 20 என்றிருந்த இவ்வளவு, 2021-இல் 40 ஆக உயர்த்தப்பட்டது.

இங்கேதான் நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும். நல்லாசிரியர் உள்ள துறையில் இப்பாடங்கள் விருந்து. ஆசிரியரே இல்லாத துறையில் அவை பசிக்குக் காட்டும் படமாகிவிடக் கூடும். 'இணையத்தில் பாடம் இருக்கிறதே' என்று காரணம் காட்டி, காலியாக உள்ள ஆசிரியர் பணியிடத்தை ஒரு கல்லூரி நிரப்பாமல் விடுமாயின், இழப்பவர் யார்? தாமே கற்றுக்கொள்ளும் வன்மை படைத்த மாணவர் எப்படியும் பிழைத்துக்கொள்வர். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படியை மிதித்த மாணவரே இழப்பர். எவர்க்காகக் கால்வாய் வெட்டினோமோ, அவர் வயலே வறண்டு போகும்.

2020-இல் கொள்ளைநோயால் கல்லூரிகள் அடைக்கப்பட்டபோது இவ்வுண்மையை நாடே கண்டது. ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பங்கிட்ட வீடுகள் இருந்தன. அலைவரிசை தேடி மாணவர் மேட்டு நிலங்களில் ஏறி அமர்ந்தனர். மொழியும் ஒரு தடையே. ஆங்கில விரிவுரையின் வேகத்தில் பின்தங்குவோர்க்கெனப் பாடங்களைத் தமிழ் முதலிய இந்திய மொழிகளில் பெயர்க்கும் பணி நடைபெற்று வருகிறது. இஃது இன்னும் விரிதல் வேண்டும்.

இன்றோ, வினவினால் விடையளிக்கும் செயற்கை நுண்ணறிவும் மாணவர் கைக்கு வந்துவிட்டது. கேளாத தொலைக்காட்சியின் குறை இதனிடம் இல்லை. ஆனால் மாணவன் சிந்திக்கத் தொடங்குமுன்பே விடையை நீட்டிவிடுவதும், தவறான விடையையும் தயங்காமல் உரைப்பதும் இதன் குறைகள். நல்லாசிரியர் சில வேளை விடை சொல்லாமல் காத்திருப்பார். அக்காத்திருப்பும் கற்பித்தலே அன்றோ?

ஆகவே புதிய கருவி எதுவாயினும் மூன்று வினாக்களை நாம் எழுப்புவோம். கடைசி வரிசையில் இருக்கும் மாணவனை இது எட்டுகிறதா? அவன் ஐயம் கேட்க இடம் வைக்கிறதா? ஆசிரியரின் கையை வலுப்படுத்துகிறதா, அன்றி அவரை அகற்றுகிறதா? இவற்றுக்கு நேரிய விடை தரும் கருவியை இரு கைநீட்டி ஏற்போம். விடை தராததை, அது எத்துணைப் பளபளப்பாக இருப்பினும், வாயிலிலேயே நிறுத்தி, மீண்டும் ஒருமுறை வினவுவோம்.