மீனுக்கும் பசி உண்டு, பதட்டம் உண்டு

(காட்டுப்பள்ளியில் கூட்டமைப்புக் கூட்டத்தில் எங்கள் குழு சார்பில் பேசியது)



குழுக் கடன் வாங்கி, உப்பங்கழியில் வலைக்கூண்டு கட்டி, கொடுவாக் குஞ்சு விட்டோம். ஒரு நாள் எடை பார்க்கணும்னு உச்சி வெயிலில் எல்லாத்தையும் அள்ளி வாளியில் போட்டோம். அதுக்கப்புறம் குஞ்சுகள் தீனியைத் தொடவில்லை. ஒவ்வொன்றாகச் செத்து மிதந்தன. யாரோ விஷம் கலந்துட்டாங்கன்னு பேசினோம். தப்பு எங்களுடையது என்று பிறகுதான் புரிந்தது.

மீன் பயந்தால் அதன் உடம்பில் கார்டிசால் என்ற சுரப்பு ஏறுகிறது. நமக்கும் இதேதான் சுரக்கிறது. கொஞ்ச நேரம் என்றால் தப்பித்து ஓட உதவும். நாள்கணக்கில் நீடித்தால் பசி போகும், நோயை எதிர்க்கும் சக்தியும் குறையும். சூடான தண்ணீரில் பிராணவாயுவும் குறைவு. குஞ்சு எப்படித் தாங்கும்?

மீன் உடம்பில் சேரும் அமோனியா பெரும்பாலும் செவுள் வழியாக வெளியேறுகிறது. எண்ணெய் போன்ற விஷத்தை ஈரல் மாற்றி, பித்தத்தோடு குடல் வழியாகத் தள்ளுகிறது. அந்த வேலைக்குப் புரதமும் வைட்டமின் சத்தும் வேண்டும். பல நாள் பட்டினி கிடந்தால் ஈரல் சோர்ந்துவிடும். பூஞ்சை பிடித்த புண்ணாக்கோ ஈரலையே கெடுக்கும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கொசஸ்தலையாற்றிலும் எண்ணூர் கழிமுகத்திலும் எண்ணெய் படர்ந்ததை மறக்க முடியுமா? அப்படிப்பட்ட விஷத்துக்கு நல்ல தீனி மட்டும் மருந்தாகாது. பாதரசம் போன்றவை மீன் சதையிலேயே தங்கிவிடும். தண்ணீர் கெடாமல் இருக்க எல்லோரும் சேர்ந்துதான் குரல் கொடுக்கணும். ஆனால் கூண்டு மீனைத் தெம்பாக வைப்பது நம்ம கையில் இருக்கு.

இப்போது நாங்கள் செய்வது இதுதான்:

* தீனியை ஈரம் படாமல் வைக்கிறோம். பூஞ்சை வாடை அடித்தால் கொட்டிவிடுகிறோம்.
* நாறிய கழிவு மீனைப் போடுவதில்லை.
* பெரிய கொடுவா சின்னதைத் தின்னும். அதனால் அளவு பார்த்துப் பிரிக்கிறோம்.
* பிரிப்பது, எடை பார்ப்பது எல்லாம் வெயில் ஏறுமுன், கொஞ்சம் கொஞ்சமாக.
* விடியற்காலையில் மீன் மேலே வந்து வாய் பிளந்தால், பிராணவாயு குறைவு என்று அறிந்து அன்று தீனி போடுவதில்லை.

பட்டினிக்கும் ஒரு நேரம் உண்டு. உயிரோடு வேறு இடம் கொண்டுபோகும் முன் ஒரு நாள் தீனியை நிறுத்தணும். வயிறு காலியானால் வழியில் தண்ணீர் கெடாது.

செயற்கை முறையில் கொடுவாக் குஞ்சு பொரிக்க வைப்பதில் 1997-ல் வெற்றி கண்ட மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் சென்னை சாந்தோம் நெடுஞ்சாலையில்தான் இருக்கிறது. தனியாகப் போகத் தயங்குகிறவர்கள் குழுவாகப் போய்க் கேளுங்கள்.

சகோதரிகளே, நாங்கள் பட்ட நஷ்டம் உங்களுக்குப் பாடமாகட்டும். வேளைக்கு நல்ல தீனி, தொந்தரவு இல்லாத தண்ணீர். இந்த இரண்டும் கிடைத்தால் மீன் தன் உடம்பைத் தானே பார்த்துக்கொள்ளும், நம்ம தவணையும் தவறாது.