மணற்பலகையும் விசைப்பலகையும்



1789-ஆம் ஆண்டு சென்னை எழும்பூரில், படைவீரர்களின் ஆதரவற்ற ஆண்மக்களுக்கென ஒரு காப்பகம் இயங்கத் தொடங்கியது. அதன் பொறுப்பை ஏற்றவர் ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காட்லாந்து நாட்டுச் சமயகுரு. அவர் வழியில் ஒரு திண்ணைப் பள்ளியைக் கண்டார். பிள்ளைகள் மணலைப் பரப்பி, விரலால் எழுதிப் பழகிக்கொண்டிருந்தனர். அக்காட்சி அவர் நெஞ்சில் தைத்தது. மணலெழுத்தைத் தம் காப்பகத்துக்குக் கொண்டுவந்தார்; மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் ஏற்பாட்டையும் அதனோடு இணைத்தார். 1797-இல் இலண்டனில் தம் பட்டறிவை நூலாக்கி வெளியிட்டார். பின்னர் அது 'மெட்ராஸ் முறை' என்னும் பெயரோடு இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. திண்ணையில் கிடந்த மணல், ஒரு காலத்தில் கல்வித் தொழில்நுட்பமாகக் கடல் கடந்தது.

மணலுக்கு விலை இல்லை. பிழை நேர்ந்தால் உள்ளங்கையால் அழித்துவிடலாம். தவற்றின் வடு தங்குவதில்லை. இவற்றினும் பெரிய நன்மை ஒன்று உண்டு. அதில் எழுதியது ஆசிரியரின் கையன்று, பிள்ளையின் விரல். இருநூறு ஆண்டுகளுக்குப் பின் உயர்நிலைப் பள்ளிக்குள் வந்திருக்கும் கணினியையும் இந்த ஓர் அளவுகோலால் அளந்து பார்க்க வேண்டும்: அதன்மேல் இருப்பது யாருடைய விரல்?

இந்தியப் பள்ளிகளுக்குள் கணினி வந்த வழி சற்று நீண்டது. 1984-இல் மைய அரசு 'கிளாஸ்' என்னும் திட்டத்தைத் தொடங்கியபோது, தெரிந்தெடுத்த சில பள்ளிகளுக்கு 'பி.பி.சி. மைக்ரோ' என்னும் சிறு கணினிகள் வந்தன. அவற்றின் நினைவகம் 32 கிலோபைட். இன்றைய கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படத்துக்குக்கூட அது போதாது. தமிழ்நாட்டில் 2011 செப்டம்பர் 15-இல் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. பள்ளியளவில் அது மேனிலை வகுப்பினரைச் சென்றடைந்தது. 2018-இல் வந்த புதிய பாடநூல்களில் கியூ.ஆர். குறியீடுகள் அச்சாயின. 2019 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. திறன்மிகு வகுப்பறைகளும் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்களும் அமைந்தன. செலவிலும் முயற்சியிலும் இவை சிறியன அல்ல.

எனினும் இவற்றுட் பெரும்பாலானவை காட்டுவதற்கான கருவிகள். திரை ஒளிர்கிறது, நாற்பது பிள்ளைகள் பார்க்கின்றனர். குறியீட்டைத் தொட்டால் காணொளி ஓடுகிறது; தொடுவதற்குரிய கைப்பேசியோ தந்தையின் சட்டைப்பையில் வேலைக்குப் போய்விடுகிறது. 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் பத்தாம் வகுப்பினருக்கு 2021 சனவரி 19-இல்தான் திறந்தன. ஒரு வீட்டில் மூன்று பிள்ளைகளும் ஒரே கைப்பேசியுமாக இருந்தால் முதலுரிமை யாருக்கு என்பதை அந்த மாதங்கள் குடும்பங்களுக்குக் கற்பித்தன. பல வீடுகளில் அது பெண்பிள்ளைக்குக் கிடைக்கவில்லை.

காட்டும் கருவியையே செய்யும் கருவியாக மாற்ற முடியும் என்பதற்குக் கணக்கு வகுப்பு நல்ல சான்று. ஒன்பதாம் வகுப்பில் முக்கோணத்தின் செங்கோட்டு மையம் ஒரு பாடம். கரும்பலகையில் ஆசிரியர் ஒரு முக்கோணம் வரைவார். பெரும்பாலும் அது குறுங்கோண முக்கோணமாக இருக்கும். மையம் உள்ளே அமரும். மாணவன் மனத்தில் 'செங்கோட்டு மையம் உள்ளே இருப்பது' என்று பதிந்துவிடும். 'ஜியோஜீப்ரா' என்னும் விலையில்லா மென்பொருளில் அதே முக்கோணத்தின் ஒரு முனையைப் பிடித்து இழுக்கலாம். கோணம் விரிய விரிய மையம் நகர்கிறது. 90 பாகை ஆகும் கணத்தில் அது முனையிலேயே வந்து ஒட்டிக்கொள்கிறது. ஒரு பாகை கூடினால் முக்கோணத்தை விட்டு வெளியே போய்விடுகிறது. இதனைக் கண்ட மாணவனுக்கு ஏன் என்னும் வினா தானே எழும். தமிழ்நாட்டுப் பாடநூல்களிலேயே இம்மென்பொருளுக்கான செயல்பாடுகள் உள்ளன. ஆயின் முனையை இழுப்பவர் ஆசிரியராகவே இருந்தால், அது மற்றொரு திரைப்படம். மாணவன் இழுத்தால் மட்டுமே அது மணற்பலகை. ஆய்வகத்தில் பத்தே கணினிகள் இருப்பினும் நால்வருக்கு ஒன்றாகப் பகிர்ந்து, இழுக்கும் முறையை மாற்றி மாற்றித் தரலாம். பெல் கண்ட சட்டாம்பிள்ளை ஏற்பாடு இங்கும் கைகொடுக்கும்.

அண்டை மாநிலமாகிய கேரளம் இத்துறையில் வேறொரு வழி சென்றது. 2001-இல் பள்ளிகளுக்கான தகவல் தொழில்நுட்பத் திட்டத்தைத் தொடங்கியது. கட்டற்ற மென்பொருளை அடித்தளமாகக் கொண்டது. 2005 முதல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்விலேயே தகவல் தொழில்நுட்பத்தைச் சேர்த்தது. மாணவன் கணினியின் முன் அமர்ந்தே செய்முறைத் தேர்வு எழுதுகிறான். 2018-இல் அங்கே 'லிட்டில் கைட்ஸ்' என்னும் மாணவர் மன்றங்கள் உயர்நிலைப் பள்ளிகளில் தொடங்கின. அவற்றின் பயிற்சிப் பிரிவுகளுள் ஒன்று மலையாளக் கணிமை. இது கவனிக்கத்தக்கது. அசைவூட்டமும் மின்னணுவியலும் கற்கும் அதே மன்றத்தில் தாய்மொழியைக் கணினியில் ஆளவும் பிள்ளைகள் கற்கின்றனர். தமிழ்நாட்டின் பத்தாம் வகுப்புத் தேர்வு ஐந்து கட்டாயப் பாடங்களைக் கொண்டது; கணினி அவற்றுள் ஒன்றன்று. தேர்வில் இல்லாதது வகுப்பில் தங்குவதில்லை என்பது ஆசிரியர் யாவரும் அறிந்தது. பதினோராம் வகுப்புக் கணினி அறிவியல் நூலில் தமிழ்க் கணிமைக்கு ஓர் இயல் ஒதுக்கப்பட்டிருப்பது மகிழ்ச்சிக்குரியதே. அப்பிரிவைத் தேர்ந்தெடுக்காத மாணவன் அதனைக் காணாமலே பள்ளியை விட்டுப் போகிறான்.

அவையோரே, கவிஞர்கள் செவிகொடுக்க வேண்டிய செய்தி இனித்தான் வருகிறது.

கணினியில் தமிழ் ஏறிய வரலாற்றின் முன்வரிசையில் நிற்பவர் ஓர் எழுத்தாளர். அவர் ஆசிரியர்களைப் பயிற்றும் ஆசிரியருமாவார். சிங்கப்பூர் தேசியக் கல்விக் கழகத்தின் விரிவுரையாளர் நா. கோவிந்தசாமி அவர். 1995 அக்டோபரில் சிங்கப்பூர்க் கவிதைகளின் நான்மொழித் தொகுப்பொன்று இணையத்தில் வெளியாயிற்று. அதில் தமிழ்க் கவிதைகளைத் தமிழ் எழுத்திலேயே காணச் செய்தவர் அவர். தமிழின் தொடக்ககால இணையப் பக்கங்கள் கவிதைப் பக்கங்களாக அமைந்தது இம்மொழியின் இயல்புக்கு ஒத்ததே. 1997-இல் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாட்டைக் கூட்டினார், 1999-இல் மறைந்தார். அதே ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நடந்த 'தமிழ்நெட் 99' மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டரசின் ஏற்பைப் பெற்றதே 'தமிழ் 99' விசைப்பலகை. நண்பர் அனுப்பிய கவிதை வேறோர் எழுத்துருவில் திறந்து, புரியாத குறிகளாகச் சிதறிய காலம் அது. ஒருங்குறி நிலைபெற்ற பின்னர் அத்தொல்லை நீங்கியது.

தமிழ் 99-இன் அமைப்பைப் பள்ளி மாணவனுக்கு இலக்கணப் பாடமாகவே நடத்தலாம். உயிரெழுத்துகள் இடக்கையில், மெய்கள், ஓரிரண்டு நீங்கலாக, வலக்கையில். அ, இ, உ, எ என்னும் குறில்கள் நடுவரிசையில். அவற்றின் நெடில்கள் நேர் மேலே. ககரத்தை இருமுறை தட்டினால் முதலாவது தானே புள்ளி பெற்று 'க்க' என்றாகும். நகரத்தின் பின் தகரத்தைத் தட்டினால் 'ந்த' என்றாகும். நன்னூலார் உடனிலை மெய்ம்மயக்கம், வேற்றுநிலை மெய்ம்மயக்கம் என வகுத்துக் காட்டியதன் ஒரு பகுதி விசைகளுக்குள் ஒளிந்திருக்கிறது. இவ்வளவு இருந்தும் உயர்நிலைப் பள்ளி மாணவன் தமிழை எழுதுவது எப்படி? கைப்பேசியில் ஆங்கில எழுத்தால் 'அம்மா' என்று தட்டுகிறான். மென்பொருள் அதனைத் தமிழாக்கித் தருகிறது. பல வேளைகளில் ஆங்கில எழுத்திலேயே விட்டுவிடுகிறான். விரைவு கருதி இதனைப் பாராட்டுவோர் உண்டு. ஆனால் லகரமா, ளகரமா, ழகரமா என்று முடிவு செய்யும் பொறுப்பு அவனிடமிருந்து நழுவி மென்பொருளின் ஊகத்துக்குப் போய்விடுகிறது. தமிழ் 99-இல் மூன்றுக்கும் மூன்று விசைகள். எது என்பதை விரல் அறிந்தாக வேண்டும். நாளைய தமிழ்க் கவிஞன் இன்று ஒன்பதாம் வகுப்பில் இருக்கிறான். அவன் விரல் தமிழை ஆங்கிலத்தின் வழியாக மட்டுமே அறியும் என்றால், அந்த இழப்பு கணினித் துறையின் இழப்பன்று.

நிரல் எழுதக் கற்பிப்பதையும் தமிழ் வகுப்புக்குள் கொண்டுவர இடமிருக்கிறது. 'தமிழ்' என்னும் சொல்லின் நீளத்தைப் 'பைத்தான்' நிரல்மொழியிடம் கேட்டால் ஐந்து என்று விடை சொல்லும். எழுத்தோ மூன்று. ஒருங்குறியில் த ஒன்று, ம ஒன்று, இகரக் குறி ஒன்று, ழ ஒன்று, புள்ளி ஒன்று என ஐந்து இடங்கள் என்பதே காரணம். இப்பிணக்கைத் தீர்க்க மாணவன் ஒரு சிறு நிரல் எழுதினால், உயிர்மெய் என்பது என்ன என்று அவன் புதிதாக உணர்வான். முத்து அண்ணாமலை உருவாக்கிய 'எழில்' என்னும் நிரல்மொழியில் கட்டளைகளே தமிழ்ச் சொற்கள்: பதிப்பி, பின்கொடு, முடி. நிபந்தனை முன்னே நிற்க, 'ஆனால்' என்பது அதன் பின்னே வருகிறது. தமிழ்த் தொடரின் நடையும் அதுதானே.

அடுத்து அலகிடுதல். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் அது உண்டு. வினோத் ராஜன் உருவாக்கிய 'அவலோகிதம்' என்னும் மென்பொருளில் ஒரு செய்யுளை இட்டால், அசையும் சீரும் தளையும் பிரித்து, பாவின் வகையையும் அது சொல்லிவிடும். தேர்வுக்குரிய குறளை அதில் இட்டு விடையை நகலெடுப்பது ஒரு பயன். அது செவியைக் கொல்லும் பயன். மாணவனைத் தானாக ஒரு குறள் வெண்பா எழுதச் சொல்லி, எங்கே தளை தட்டுகிறது என்று அதனிடம் கேட்கச் செய்வது மற்றொரு பயன். மீண்டும் எழுதுகிறான், மீண்டும் கேட்கிறான், மணலில் அழித்து எழுதியது போலவே. நான்காம் முறை எந்திரத்தைக் கேளாமலே அவன் செவி சொல்லிவிடும்.

2022 நவம்பருக்குப் பின் வந்த உரையாடும் எந்திரங்கள் இதனை இன்னும் அவசரமாக்கியிருக்கின்றன. 'மழை பற்றி ஒரு வெண்பா' என்று கேட்டால் நொடியில் நான்கு அடிகள் வந்து விழுகின்றன. அவற்றில் தளை தட்டுவது அடிக்கடி நேர்கிறது; அதனைக் கண்டு சிரிக்கத் தெரிந்த மாணவனுக்கு அந்த எந்திரத்தால் தீங்கில்லை. கண்டுபிடிக்கத் தெரியாதவன் அதனைத் தன் கவிதை என்று கையெழுத்திட்டு அனுப்புவான். நடுவராக அமர்ந்த கவிஞரும் சில வேளைகளில் பரிசளித்துவிடுவார்.

ஆண்டுதோறும் மாணவர் கவியரங்கம் நடத்தும் இலக்கிய வட்டங்களால் ஒன்று செய்ய இயலும். அரங்கத்துக்கு முந்திய நான்கு சனிக்கிழமைகளில், அருகிலுள்ள உயர்நிலைப் பள்ளியின் ஆய்வகத்தைத் தலைமையாசிரியரின் இசைவோடு கேட்டுப் பெறலாம். முதல் வாரம் தமிழ் 99. இரண்டாம் வாரம் அசை பிரித்தல். எஞ்சிய இரு வாரங்கள் எழுதுதலும் திருத்துதலும். விசைப்பலகைப் பயிற்சிக்கு ஆசிரியர் கிடைக்காவிட்டால், வட்டத்தின் மூத்த கவிஞர்களே மாணவர்க்கு அருகில் அமர்ந்து உடன் கற்கலாம். அவர்களுட் பலருக்கும் அப்பயிற்சி தேவைப்படுகிறது.