கால்விரலில் ஒரு நண்டு வளை
(பழைய மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சிவில் படித்தவன் கட்டடத்தைப் பற்றித்தான் பேசுவான் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் பேச வந்தது கால்விரலைப் பற்றி. சிரிக்கலாம், தப்பில்லை. நானும் ஒரு காலத்தில் சிரித்தவன்தான்.

எங்கள் ஊர் திருவையாறுக்குப் பக்கம். 2022 ஆயுத பூஜை லீவில் போனபோது, அப்பாவோடு சம்பா நடவுக்கு வயலில் இறங்கினேன். ஏற்கனவே ஓரத்தை ஒட்ட வெட்டியிருந்த கட்டைவிரல் நகம், மூன்றாம் நாள் சிவந்து, வீங்கி, விண் விண் என்று தெறித்தது. நகச்சுத்தி. கைவிரலாக இருந்தால் எலுமிச்சம்பழத்தைச் செருகிவிடுவார்கள். கால்விரலில் பழத்தோடு எப்படி நடப்பது? அம்மா வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் காலை வைக்கச் சொன்னார். கால் மணி நேரம், நாளைக்கு மூன்று தடவை. பிறகு விரலிடுக்குவரை ஈரம் போகத் துடைத்துவிட்டு, ஷூ போடாமல் இருந்தேன். நான்கே நாளில் சரியாகிவிட்டது.

அடுத்த வருஷம், அதே சம்பா நடவு. அப்பாவுக்கும் அதே மாதிரி விரல். போனில் நான் சொன்னது இதுதான்: "எனக்குச் செஞ்ச மாதிரியே செய்யுங்கப்பா. சரியாப் போயிடும்."

அப்பாவுக்குப் பன்னிரண்டு வருஷமாகச் சர்க்கரை. அதை நான் யோசிக்கவே இல்லை. அம்மா வெந்நீர் ஊற்றியிருக்கிறார். அப்பா, "சூடே இல்லையே, இன்னும் ஊத்து" என்றிருக்கிறார். தண்ணீர் கொதித்தது, கால் சொல்லவில்லை. வெந்நீரில் தோல் வெந்துபோய், இருந்த புண்ணோடு சேர்ந்துகொண்டது. வலி இல்லாததால் ஆறு நாள் கழித்துத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நான் ஊருக்கு வந்து சேர்ந்தபோது கட்டைவிரலை எடுத்திருந்தார்கள்.

பிறகு அந்த டாக்டரம்மா மெல்லிய நைலான் இழை ஒன்றை எடுத்து, "கண்ணை மூடிக்குங்க ஐயா, படும்போது சொல்லுங்க" என்றார். அடுத்த பாதத்தில் பல இடங்களில் தொட்டார். அப்பா ஒன்றுமே சொல்லவில்லை. இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்த இழை பத்து கிராம் விசையில் வளைந்துவிடும். யார் அழுத்தினாலும் அதே பத்து கிராம்தான். நாம் இரண்டாம் ஆண்டில் உருப்போட்ட ஆய்லர் சூத்திரம் நினைவிருக்கிறதா? மெலிந்த தூண் குறிப்பிட்ட பாரத்தில் வளையும் என்ற அதே கணக்கு. பரீட்சைக்காகப் படித்த பாடம், அப்பாவின் பாதத்தில் என் கண்முன் நடந்தது. என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

நம் டெல்டாக்காரர்களுக்குத் தெரியும். ஆற்றங்கரை உடைவதற்கு வெள்ளம் மட்டும் காரணம் இல்லை. நண்டு வளை ஒன்று போதும். விரலும் அப்படித்தான். ஆகவே வீட்டு வைத்தியத்துக்கு எல்லை எது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

சர்க்கரை இல்லாதவர், லேசான சிவப்பு என்றால் நான் செய்தது போதும். ஊக்கால் குத்தாதீர்கள், நசுக்காதீர்கள். சுவரில் விரிசல் கண்டால் முனையில் கோடு போட்டுத் தேதி எழுதுவோம் இல்லையா? அதுபோலச் சிவப்பின் ஓரத்தில் பேனாவால் கோடு போடுங்கள். கோட்டைத் தாண்டினாலோ, சீழ் கோத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, தொடை இடுக்கில் நெறி கட்டினாலோ, இரண்டு நாளில் குறையாவிட்டாலோ டாக்டர்தான். டெட்டனஸ் ஊசியையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சர்க்கரை உள்ளவருக்கு இந்த இரண்டு நாள் கணக்கே கிடையாது. வெந்நீர் வேண்டாம், அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். கால் மரத்துப்போனவருக்கு வலி இல்லை என்பது நல்ல செய்தி அல்ல. வயலில் இருந்து ஏறியதும் சோப்புப் போட்டுக் கழுவி, விரலிடுக்கைத் துடைத்து, உள்ளங்காலைக் கண்ணாடி வைத்தாவது தினமும் பார்க்க வேண்டும். சேற்றுப்புண் இருந்தால் அதையும் சாதாரணமாக விடக்கூடாது. கிருமி உள்ளே போக அந்த வெடிப்பே வாசல்.

2023ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு, நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை என்கிறது. இந்த அரங்கில் பாதிப் பேர் வீட்டிலாவது ஒருவர் இருப்பார். 2021ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. ஆனால் காலைக் குனிந்து பார்க்க வீட்டு மனிதர்தான் வேண்டும்.

அப்பா இப்போதும் வரப்பில் நடக்கிறார், கொஞ்சம் சாய்ந்து. என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. "நீ நல்லதுக்குத்தானே சொன்னே தம்பி" என்பார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பொங்கலுக்கு ஊருக்குப் போவீர்கள், பெற்றோர் காலைத் தொட்டுக் கும்பிடுவீர்கள். இந்த முறை தொட்ட கையோடு எழுந்துவிடாதீர்கள். அந்தப் பாதத்தைத் திருப்பி, விரலிடுக்கை விரித்து, ஒரு நிமிஷம் பாருங்கள்.